சண்டைக்கார மனை

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததில் எனக்குச் சுயநலம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் இந்த அடுக்குமாடி வீட்டைப் பார்க்க வந்த அன்று, விற்க வந்தவர் மாநகராட்சி வரைபடம் ஒன்றை வெறுந்தரையில் விரித்தார். எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே இருந்த நிலம் அதில் ஒரு பச்சைக் கட்டம். "பார்க் சார். மேப்லயே போட்டிருக்கு பாருங்க," என்றார். பார்த்தேன். பச்சைக்குள் எனக்கு மரம் தெரிந்தது. மரத்தடியில் பெஞ்சு தெரிந்தது. பெஞ்சில் கால்மேல் கால் போட்டு ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருக்கும் நானே தெரிந்தேன். என் மனைவி வரைபடத்தை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக நிலத்தைப் பார்த்தாள். அவளுக்கு நாலைந்து தகர டிரம்களும் அவற்றைச் சுற்றிவரும் ஒரு கிழட்டுக் காரும் தெரிந்தன.

"அங்க இப்ப கார் ஓடுதே?"

"அது தற்காலிகம் மேடம்."

(தற்காலிகம் என்ற சொல்லைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். எங்கள் குளியலறைக் குழாயில் சுற்றியிருக்கும் டேப்பும் தற்காலிகம்தான்.)

அந்தக் கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஒரு டிரைவிங் ஸ்கூலின் பயிற்சி மைதானம். காலையில் நான் எழுத உட்காரும் நேரமும் அங்கே முதல் வகுப்பு தொடங்கும் நேரமும் ஒன்றுதான். "பிரேக்! பிரேக்! பிரேக்குன்னு சொன்னா காதுல விழலயா!" என்று ஒரு பெண் குரல் மூன்று மாடி ஏறி வரும். கட்டடம் முழுவதும் அவருக்குப் பிரேக் அக்கா என்றுதான் பெயர். என் நாவலில் பாதி வாக்கியங்கள் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு நடுவழியில் நின்றுபோனவை.

ஆகவே, அந்த மைதானத்துக் கேட்டில் ஒருநாள் மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு கதை குதித்தது. அதில் பூங்கா ஜெயிக்கும். அக்கா தோற்பார். கொஞ்சம் கெட்டவராகவும் இருப்பார்.

2

தொடக்கம் ஒன்று: "அந்த நிலத்தின் மீது ஒரு சாபம் இருந்தது."

(அடித்துவிட்டேன். சாபம் எதுவும் இல்லை. டிரம்தான் இருந்தது.)

தொடக்கம் இரண்டு: "நகரம் என்பது அதில் வாழ்பவர்களின் கூட்டுக் கனவு என்றால், வரைபடம் என்பது அந்தக் கனவின்"

(அந்தக் கனவின் என்ன? ஒரு காபி குடித்துவிட்டு வந்தும் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

தொடக்கம் மூன்று: "இதனால் பொதுமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், நகரின் மண்டல வரைபடத்தையும் எதிர்கால நிலப்பயன்பாட்டு வரைபடத்தையும் ஒன்றோடொன்று இணக்கப்படுத்தும் பணி நடைபெறுவதால், இம்மனை குறித்துக் கருத்துச் சொல்ல விரும்புவோர்..."

இது என்னுடையது அல்ல, கேட்டில் இருந்த நோட்டீஸ். ஆனால் மூன்றில் இதுதான் தேவலை என்று ஒத்துக்கொள்கிறேன். இதில் ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிகிறது.

3

நோட்டீஸில் இருந்த அலுவலகத்திலிருந்து அடுத்த வாரமே ஒருவர் நேரில் வந்தார். இவரை நான் வரைபட மேடம் என்று அழைக்கப்போகிறேன்.

முதல் பிரதியில் இவரை ஒல்லியாக, சிடுசிடுவென்று, சிரிக்கவே தெரியாதவராக எழுதி வைத்திருந்தேன். பெண் அதிகாரி என்றதும் கை தானாக அப்படி ஓடிவிட்டது. நேரில் வந்தவரோ நல்ல உடம்புக்காரர். எதற்கெடுத்தாலும் சிரித்தார். வெயிலுக்குத் தலையில் ஒரு பூத்துவாலையைப் போட்டுக்கொண்டு, கக்கத்தில் சுருட்டிய வரைபடத்தோடு டிரம்களுக்கு நடுவே நின்று, கிழட்டுக் கார் தன்னை ஒருமுறை சுற்றி வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். நான் படியிறங்கி ஓடினேன்.

"ரெண்டு மேப் இருக்கு சார்," என்றார். "ஒண்ணு, இன்னைக்கு ஒரு நிலத்துல என்ன கட்டலாம், என்ன கட்டக்கூடாதுன்னு சட்டமா சொல்றது. இன்னொண்ணு, வருங்காலத்துல ஊரு எப்படி இருக்கணும்னு ஆசையா சொல்றது. முதல் மேப்பை ஒரு காலத்துல ஒருத்தர் போட்டார். ரெண்டாவதை வேற காலத்துல வேற ஒருத்தர் போட்டார். ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல."

"சண்டையா?"

"சண்டை போடவே அறிமுகம் வேணுமே சார்!" என்று சிரித்தார்.

இப்போது இரண்டும் ஒத்துப்போயாக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஊரில் பெரும்பாலான இடங்களில் தகராறு இல்லையாம். இன்றும் வீடு, நாளையும் வீடு என்றால் கம்ப்யூட்டரே சரி என்று தட்டிவிட்டுப் போய்விடும். இழுத்துக்கொண்டு நிற்பவை மற்றவை. இன்றைய படத்தில் கிடங்கு, நாளைய படத்தில் ஆஸ்பத்திரி என்று ஆளுக்கொரு திசையில் இழுக்கும்.

"ஆபீஸ்ல அதுக்கெல்லாம் நாங்க சண்டைக்கார மனைன்னு பேர் வச்சிருக்கோம்."

"இது?"

"இன்னைக்குச் சிவப்பு. கடை கண்ணி கட்டலாம். நாளைக்குப் பச்சை. பார்க். அசல் சண்டைக்காரன்."

"எதை மாத்துவீங்க?"

"இதை மாத்தி அதோட சேக்கலாம். அதை மாத்தி இதோட சேக்கலாம். இல்ல, ரெண்டையும் மாத்தலாம். எல்லாரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டுக் கேட்டுட்டு நான் ஒரு சிபாரிசு எழுதணும். அப்புறம் மாநகராட்சி மன்றத்துல ஓட்டுப் போடுவாங்க. எதையும் மாத்தாம விடுறது மட்டும் முடியாது."

பச்சைதான் நல்லது என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு, சுற்றுச்சூழல், குழந்தைகள், முதியவர்கள் என்று மூவரையும் துணைக்கு அழைத்தேன். என் பெஞ்சைப் பற்றிச் சொல்லவில்லை.

(இங்கே ஒரு சின்ன விலகல். எழுதுகிறவர்களிடமும் இரண்டு வரைபடங்கள் உண்டு. என் மேஜைக்கு மேலே சுவரில் கதைத் திட்டம் ஒட்டியிருக்கிறது: பூங்கா ஜெயிக்கும், அக்கா கெட்டவர். மேஜைமேல் கிடக்கும் தாள்களில் வேறு ஏதோ நடக்கிறது: அதிகாரி சிரிக்கிறார். இரண்டையும் ஒத்துப்போகச் செய்யச் சொல்லி எனக்கு யாரும் நோட்டீஸ் ஒட்டுவதில்லை. ஒட்டினால் தமிழில் பாதி நாவல்கள் வெளிவராது.)

4

கதை இங்கிருந்து நேராக மைதானத்துக்குப் போக வேண்டும். என் சமையலறைக்குள் வந்துவிட்டது. காரணம், என் மனைவி.

அவள் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்த மாதம் அவளை ஊரின் மறுகோடியில் இருக்கும் புதுக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வந்து, ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தவள், "நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேன்," என்றாள்.

"நல்ல விஷயம். எங்க?"

பால்கனிப் பக்கம் முகவாயை நீட்டினாள்.

"அந்தம்மாகிட்டயா? அவங்களுக்கு எதிராத்தான் நான் கதை எழுதிட்டிருக்கேன்!"

"நீங்க எழுதுங்க. நான் கிளட்ச் மிதிக்கிறேன். ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்ட்."

"நாளைக்கு நம்ம அசோசியேஷன் தலைவர் கேட்டா என்ன சொல்றது? கூட்டத்துல பார்க் வேணும்னு பேச என் பேரைத்தான் குடுத்திருக்காரு."

"அவர் ரெண்டு பஸ் மாறிட்டு வந்து கேக்கட்டும், பதில் சொல்றேன்."

அடுத்த நாள் முதல் காலையில் எழுதுவது போய்விட்டது. கையில் பேனாவோடு பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தேன். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் இரண்டு நாள் பேசாமல் இருக்கும் என் மனைவி, அந்தக் காருக்குள் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். "அந்த டிரம் உனக்கு என்னம்மா பாவம் பண்ணுச்சு? நேத்தும் அதையேதான் இடிச்சே!" என்று அக்கா கத்தினார். கார் குலுங்கி நின்றது. இவள் இறங்கி விடுவிடுவென்று நடந்து வந்துவிடுவாள் என்று நினைத்தேன். கார்க் கண்ணாடிக்குள் பார்த்தால், ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அக்காவும் சிரித்தார். நாங்கள் கல்யாணம் ஆன புதிதில் அவள் அப்படிச் சிரிப்பாள் என்று (இந்த வாக்கியம் வேண்டாம். வீட்டில் படிப்பார்கள்.)

5

வில்லியை என்னால் எழுத முடியவில்லை. சரி, பரிதாபத்துக்குரியவராகவாவது எழுதலாம் என்று மைதானத்துக்குப் போனேன். பழைய பஸ் ஸீட் ஒன்றை நிழலில் போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். காதோரம் நரை, காலில் கான்வாஸ் ஷூ.

"உங்க கதையைச் சொல்லுங்கக்கா. ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?"

"எனக்கு அடுத்தவங்களை அதட்டப் பிடிக்கும் சார்."

"அது இல்லக்கா. வாழ்க்கையில ஏதாவது அடிபட்டு... தனியா நின்னு..."

"ஏன் தனியா நிக்கணும்? வீட்டுக்காரர் தினம் மத்தியானம் சோறு கொண்டுவர்றாரு. நல்லா சமைப்பாரு. உப்பு மட்டும் கூடும்."

"ஏதாவது சோகம்?"

கொஞ்சம் யோசித்தார். எனக்காக உண்மையாகவே யோசித்தார். "பழைய கார் இருந்துச்சு, இதுக்கு முன்னாடி. அது இதைவிட நல்ல வண்டி," என்றார்.

நிலம் யாருடையது என்று கேட்டேன். கூடப் பிறந்த அண்ணனுடையதாம். வாடகை என்று ஒன்றும் கிடையாதாம். "'சும்மாதானே கிடக்கு, நீ ஓட்டிக்கோ'ன்னு குடுத்தார். யார் குடுப்பா இந்தக் காலத்துல?" என்றபோதுதான் முதல்முறையாக அவர் குரல் இறங்கியது. உடனே ஏறிவிட்டது. மைதானத்தின் மறுமூலையில் யாரோ ஒரு மாணவர் காரை ரிவர்ஸில் எடுக்க முயன்றுகொண்டிருந்தார்.

6

அந்த அண்ணனுக்குக் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை. என் கண்ணாடிக்குப் புது பிரேம் போட வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டு போனேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காரும் மனிதர். கடை முழுவதும் கண்ணாடிகள் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நிலத்துக்கு எதிர்வீடு என்றதும் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"அதுல கட்டடம் கட்டப் பிளான் குடுத்தேன். திருப்பி அனுப்பிட்டாங்க. என்னய்யான்னா, 'ஒரு மேப்ல கடைன்னு இருக்கு, இன்னொரு மேப்ல பார்க்னு இருக்கு, ரெண்டும் சேர்ற வரைக்கும் அனுமதி இல்ல'ன்னான். சரி, வித்துடலாம்னு பார்த்தா, வாங்க வர்றவன் எல்லாம் மேப்பைப் பார்த்துட்டு ஓடுறான். கட்டவும் முடியல, விக்கவும் முடியல. அப்பதான் தங்கச்சி வந்து வண்டி ஓட்டக் கேட்டா."

"குடுத்துட்டீங்க."

"என்னால ஒண்ணும் பண்ண முடியாத நிலத்தைக் குடுத்தேன் சார். ஊர்ல என்னை வள்ளல்ங்கறாங்க. நானும் மறுக்கல." ஒரு பிரேமை எடுத்து ஊதித் துடைத்தார். "இப்ப ரெண்டு மேப்பையும் சேக்கப்போறாங்க. சிவப்பு ஆச்சுன்னா உடனே வித்துட்டு, கடையை மூடிட்டு, பொண்ணு வீட்டோட போய் இருந்துடுவேன். முட்டி தாங்கல. ஆனா அவகிட்ட எப்படிச் சொல்றது?"

அவர் நீட்டிய கண்ணாடி முன்னால் நான் பிரேமைப் போட்டுப் பார்த்தேன். என் முகத்துக்கு அது பொருந்தவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று அப்போது எனக்கு உறைத்தது. சிவப்பு ஆனால் அங்கே கடைகள் வரும். பச்சை ஆனால் பூங்கா வரும். இரண்டிலும் பிரேக் அக்கா இல்லை. இரண்டு படங்களும் முறைத்துக்கொண்டு நின்ற அந்த இடைவெளியில்தான் அவர் இத்தனை காலம் வண்டி ஓட்டியிருக்கிறார். யார் ஜெயித்தாலும் அவர் வெளியே போக வேண்டும். சுவரில் ஒட்டிய என் கதைத் திட்டத்தில் இது இல்லை.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அந்த ரகசியத்தை அக்காவிடம் யார் போய்ச் சொல்வது என்று கவலைப்பட்டேன்.

"அது அவங்களுக்கு எப்பவோ தெரியும்," என்றாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "அண்ணனுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தவிக்கிறாராம். அதைப் பார்த்துத்தான் அவங்களுக்குச் சங்கடமா இருக்காம்."

(இந்தப் பகுதியைப் படித்துவிட்டு மனைவி சொன்னது: "அன்னைக்கு ரசமே வைக்கல." அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வெறும் கையோடு அவளைப் பேச வைக்க எனக்கு வரவில்லை.)

7

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை, மாநகராட்சி மண்டபத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், கீச்சிடும் மைக், சுவர் நிறைய ஊரின் வரைபடம். தகராறு தீராத மனைகளின் மேல் மட்டும் சாய்வாகக் கோடு போட்டிருந்தார்கள். ஊருக்கு அங்கங்கே அம்மை போட்டது போலிருந்தது. வரைபட மேடம் மேடையில் உட்காராமல் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து எங்களுக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

எங்கள் அசோசியேஷன் தலைவர் முதலில் எழுந்து, "எங்க சார்புல எழுத்தாளரே பேசுவார்," என்று என் முதுகில் தட்டினார். நான் தயார் செய்த பேச்சு பையில் இருந்தது. நல்ல பேச்சு. மரங்கள் வரும் இடத்தில் ஒரு சிலேடைகூட வைத்திருந்தேன்.

"எங்களுக்குப் பூங்கா வேணும்," என்று ஆரம்பித்தேன். "பச்சைன்னு நம்பித்தான் எல்லாரும் இந்த வீட்டை வாங்கினோம். அது பொய்யாகக் கூடாது. ஆனா..."

மூன்றாவது வரிசையில் என் மனைவியும் பிரேக் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். மாணவர் ஒருவர் சரியாகத் திருப்புவாரா மாட்டாரா என்று பார்ப்பது போல.

"ஆனா..." என்றேன் மறுபடியும்.

மண்டபம் காத்திருந்தது. தாளில் பாதியில் விட்ட வாக்கியங்கள் என்னிடம் ஆயிரம் உண்டு. மைக்கில் விட்டது அதுதான் முதல். நேரம் முடிந்ததாக மணி அடித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். தலைவர் என்னைப் பார்க்காமல் விசிறிக்கொண்டார்.

அடுத்தது அக்கா. அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"மேடம், இந்த நிலம் எங்கண்ணனோடது. உங்க ரெண்டு மேப்பும் சேராததால இத்தனை வருஷம் அவரால ஒரு செங்கல் வைக்க முடியல. அதனால நான் நல்லா இருந்தேன். அவர் முட்டியப் பிடிச்சுக்கிட்டுக் கடையில நின்னாரு, நான் அவர் நிலத்துல கார் ஓட்டினேன். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன். கேட்டா எங்க போகச் சொல்லிடுவாரோன்னு பயம்." ஒருமுறை மூச்சு வாங்கினார். "சிவப்பே ஆக்கிடுங்க. வித்துட்டு அவர் நிம்மதியா இருக்கட்டும். பார்க் கேக்கறவங்க கோச்சுக்காதீங்க. அவ்வளவுதான்."

மைதானத்தில் எத்தனையோ பேரை அதட்டிய குரல். கடைசிச் சொல்லில் உடைந்தது. அவரே அதை எதிர்பார்க்கவில்லை போலும். சட்டென்று உட்கார்ந்து, என் மனைவியின் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக் குடித்தார்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தார். ஒரு தாளைப் பிரித்தார். மடித்தார். "தங்கச்சி சொன்னதுதான்," என்று சொல்லி உட்கார்ந்து, தன் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

வெளியே தாழ்வாரத்தில் அவர் குரல் கேட்டது.

"நீ எதிராப் பேசுவேன்னு நெனச்சு, பதிலெல்லாம் ராத்திரி முழுக்க யோசிச்சு வச்சிருந்தேன். எல்லாம் வீணாப்போச்சு."

"வேற யார்கிட்டயாவது சண்டை போடு அண்ணே. வீணாக்காத."

"முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"நானும்தான் கேட்டிருக்கணும். விடு. முட்டிக்கு எண்ணெய் போட்டியா இல்லையா?"

8

கதை முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) பூங்கா வருகிறது. பெஞ்சில் நான். ஜெயித்தும் மனசு வெறுமையாக இருக்கிறது, தூரத்தில் ஒரு "பிரேக்!" கேட்பது போலிருக்கிறது. — இப்படி முடியும் கதைகளைப் படித்தாலே எனக்குக் கொட்டாவி வரும்.

(ஆ) அண்ணன் மேடையேறி, "இந்த நிலம் என் தங்கைக்கே!" என்று அறிவிக்க, மண்டபம் எழுந்து நின்று கைதட்டுகிறது. — மனைவி படித்தாள். "யார் இந்த ஆளு?" என்றாள். கிழித்துவிட்டேன்.

(இ) நடந்தது.

நடந்தது என்னவென்றால், சில வாரங்கள் கழித்து வரைபட மேடத்தின் சிபாரிசு வந்தது. இரண்டு படங்களையும் மாற்றுவது என்று எழுதியிருந்தார். எங்கள் கட்டடத்தை ஒட்டி ஒரு பட்டை பச்சை, மீதி சிவப்பு. அந்தப் பட்டை எவ்வளவு அகலம் என்று தலைவர் நடந்து பார்த்தார். இரண்டு பேர் பேசிக்கொண்டு போகலாம், எதிரே மூன்றாவது ஆள் வந்தால் யாராவது ஒதுங்க வேண்டும். "எழுத்தாளர்னு நம்பி அனுப்பினேன், 'ஆனா'ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டார்," என்று லிஃப்டில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார். நான் படிக்கட்டில் போய்வருகிறேன். உடம்புக்கும் நல்லது.

மன்றத்தில் ஓட்டெடுப்பு இன்னும் நடக்கவில்லை. அதற்குள் அண்ணனிடம் நிலத்தை விசாரித்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் (இந்த முறை முடிக்கிறேன்) கூட்டம் கலைந்த அன்றே ஒன்று நடந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிரேக் அக்கா மட்டும் சுவர் வரைபடத்தின் முன்னால் மூக்கு உரசும் தூரத்தில் நின்றிருந்தார். கண் துடைத்த அடையாளம்கூட இல்லை.

"மேடம், இங்க வாங்க. இந்தக் கோடு போட்டதெல்லாம் எங்களோடது மாதிரியே சண்டைக்கார மனைதானே?"

"ஆமாங்க."

"இதுலயும் யாரும் கட்ட முடியாது, விக்க முடியாது?"

"சேக்கற வரைக்கும் கஷ்டம்தான். ஏன் கேக்கறீங்க?"

அக்கா விரலைக் கோடு கோடாக நகர்த்திக்கொண்டே போனார். வரைபட மேடத்துக்கு மெல்லப் புரிந்தது. சிரிக்கத் தொடங்கியவர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, இதெல்லாமும் ஒருநாள் சேர்ந்துடும்!"

"எப்ப?"

மேடம் வரைபடத்தைப் பார்த்தார். அம்மைத் தழும்புகளை எண்ணப் போனவர் பாதியில் விட்டுவிட்டார். "அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆகிடுவேன்," என்றார்.

"அது போதும்," என்றார் அக்கா. "சும்மா கிடக்கிற நிலத்துக்காரன் யாரும் வேலி காக்க ஆள் இருந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டான்."

9

இப்போது நான் காரின் பின்சீட்டில் இருக்கிறேன். இந்தப் பகுதியை மடியில் நோட்டை வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவது என் மனைவி. பக்கத்தில், தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் ஷூவை வைத்தபடி அக்கா. நிலம் பார்க்கப் போகிறோம்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தண்ணீர் பம்ப் ஹவுஸுக்குப் பின்னால். இன்றைய படத்தில் அது தொழிற்சாலை, நாளைய படத்தில் பள்ளிக்கூடம். இன்னொன்று, பஸ் டிப்போவை ஒட்டி. இன்று வீடுகள், நாளை பெரிய சாலை. இரண்டு சொந்தக்காரர்களும் வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

"ரோடு வர்றதுக்கு ரொம்ப காலமாகும்," என்கிறார் அக்கா. "ஆனா வர்றப்ப ஒரே நாள்ல காலி பண்ணச் சொல்லுவான். ஸ்கூல் சீக்கிரம் வந்துடும். ஆனா வந்தா டீச்சருங்க பூரா என்கிட்டதான் வண்டி கத்துக்க வருவாங்க."

"அப்ப எந்த இடம்க்கா?" என்கிறாள் மனைவி.

"அதான் தெரியல. கியரை மாத்து. மாத்தும்மா, வண்டி கெஞ்சுது!"

நாற்சந்தி வந்துவிட்டது. இடது பக்கம் பம்ப் ஹவுஸ், வலது பக்கம் டிப்போ. கார் நின்றிருக்கிறது. மனைவி இண்டிகேட்டரில் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

"எந்தப் பக்கம்க்கா?"

"ஓட்டறவ நீ. நீ சொல்லு."

அவள் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறாள். "எழுதறவர் அவர். அவர் சொல்லட்டும்."

எனக்கு முடிவு எழுத வராது என்பது இந்த ஊர் மண்டபத்துக்கே தெரிந்த செய்தி. நான் வலது பக்கம் பார்க்கிறேன். இடது பக்கம் பார்க்கிறேன். அப்புறம் நோட்டுக்கு இந்தப் பக்கம், உங்களைப் பார்க்கிறேன். பள்ளிக்கூடமா, சாலையா? யோசித்தெல்லாம் சொல்ல நேரம் இல்லை. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறார், அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவரை அதட்டிக்கொண்டிருக்கிறார், சீக்கிரம்